நவம்பர் பக்கம்

இந்த ஊரில் சூரியன் மறைவதைப் படமெடுக்க
கடலுக்கு முதுகைக் காட்ட வேண்டும்.
மெரினாவுக்கு வந்துவிட்டு
ரோட்டைப் பார்த்து நிற்கிறாளே என்று
சுண்டல் விற்கும் பையன் இரண்டு தரம் சுற்றி வந்தான்.

வங்கி நாட்காட்டி. பன்னிரண்டு கட்டடங்கள்.
உயர் நீதிமன்றம், எழும்பூர், சென்ட்ரல் மணிக்கூண்டு
எல்லாம் முடிந்தது.
ரிப்பன் மாளிகை நேற்று;
சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி வந்திருக்கிறது.
மிச்சம் செனட் ஹவுஸ்.
மேலாளர் பத்மநாபன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:
"ஆள் இல்லாம வேணும் மேடம். க்ளீனா."

ஆள் இல்லாமல்.
சேப்பாக்கத்தில்.
சனிக்கிழமை சாயங்காலம்.

ஐந்து ஐம்பதுக்கு வெயில் குவிமாடங்களுக்குப் பின்னால் இறங்கியது.
எதிர்வெளிச்சத்தில் நான்கும்
விறகடுப்பிலிருந்து இறக்கிய பானைகளாய்க் கரேலென்று நின்றன.
சுற்றி நின்றவர்கள் செல்போனில் அதை எடுத்துக்கொண்டு
பஜ்ஜிக்குப் போய்விட்டார்கள்.
எனக்கு வேண்டியது அதற்குப் பிறகு.

சாலையைக் கடந்தேன்.
காவலாளி தேவசகாயம் அனுமதிக் கடிதத்தை
கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார்,
முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்,
"கால் மணி நேரந்தான்" என்றார்.
வானம் தருவதே அவ்வளவுதான்.
நம் ஊர் அந்திக்குப் பொறுமை கிடையாது,
கடைசி பஸ் கண்டக்டர்போல் விசிலடித்துவிட்டுக் கிளம்பிவிடும்.

சூரியன் போன பிறகுதான் செங்கல் சிவந்தது.
எந்தப் பக்கத்திலிருந்தும் வராத ஒரு வெளிச்சம்
எல்லாப் பக்கத்திலும் இருந்தது.
கண்ணாடி ஜன்னல்களில் நீலம் ஊறி நின்றது.

ஷட்டரை முப்பது விநாடி திறந்து வைத்தால்
நடப்பவர்கள் பதிய மாட்டார்கள்.
பரீட்சை பேசிக்கொண்டு வந்த மூன்று பெண்கள்,
தயிர்ப் பாக்கெட்டோடு ஒரு பேராசிரியர்,
சைக்கிளில் ஒருவன், அவனைத் துரத்திய நாய்
அத்தனை பேரும் லென்ஸுக்கு முன்னால் போனார்கள்.
அத்தனை பேரும் இல்லாமல் போனார்கள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லியிருந்தேன் தேவசகாயத்திடம்.
அவர் தள்ளிப் போய்
படிக்கட்டுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி,
தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.
விறைப்பாக.
போட்டோவுக்கு.

நிறுத்தியிருக்கலாம்.
விரல் ரிமோட் மேலேதான் இருந்தது.
எட்டாவது விநாடியில் அவர் கன்னத்தில் கொசு உட்கார்ந்தது.
பதினைந்து. கொசு போகவில்லை.
இருபத்திரண்டு. அவரும் அசையவில்லை.
முப்பது.

அடுத்ததை எடுக்கத் தலை நிமிர்ந்தேன்,
நீலம் தீர்ந்துவிட்டிருந்தது.
அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டே வந்து
திரையில் குனிந்து பார்த்தார்.
தன்னைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன்.
"மத்தவங்கல்லாம் எங்க?" என்றார்.
"இப்பத்தானே போனாங்க?"

பெரம்பூரில், இரவு ஒன்றரை மணிக்கு
மௌஸால் அவரைத் தேய்த்து எடுத்தேன்.
முதலில் தொப்பி, பிறகு கொசு கடித்த கன்னம்.
பூட்ஸ் போகத்தான் நேரமானது.

அவருக்குப் பின்னால் இருந்த சுவரை
நான் பார்த்ததே இல்லை.
பக்கத்துச் செங்கல்களை நகலெடுத்து
ஓர் ஆள் உயரத்துக்கு ஒட்டினேன்.

பத்மநாபனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.
நவம்பரில் போட்டிருக்கிறார்கள்,
கீழே தீபாவளி விடுமுறை சிவப்பில்.

படிக்கட்டுக்கு இடப்பக்கம் உற்றுப் பாருங்கள்.
மூளி விழுந்த ஒரே செங்கல்
இரண்டு இடத்தில் இருக்கும்.